ஆர்மி நம்பர் ஞாபகம் இருக்கா, ஐயா?

இன்னைக்கு எபிசோட்ல ரூல்ஸ், தேதி, படிவம்னு கொஞ்சம் வறட்சியான சமாச்சாரம் வரும். டீ குடிச்சுக்கிட்டே கேளுங்க, தப்பில்ல. ஆனா 1979, 1987னு ரெண்டு வருஷத்தை மட்டும் மனசுல வச்சுக்கங்க. பாதி எபிசோட் தாண்டினதும் அது வேணும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. "அண்ணா, அமெரிக்கப் படத்துல எல்லாம் காட்டுறாங்களே, பழைய மிலிட்டரிக்காரர் அட்டைப் பலகை பிடிச்சுக்கிட்டு ரோட்டோரம் உக்காந்திருப்பாரு. நம்ம ஊர்ல அப்படி யாராவது இருக்காங்களா?" இதான் கேள்வி. நல்ல கேள்வி. இதுக்கு ஒரே வரியில பதில் சொல்ல முடியல, அதனாலதான் இந்த எபிசோட்.

அமெரிக்காவுல எத்தனை பேர்னு தெரியும். 2010-ல ஒரு ராத்திரிக் கணக்குல சுமார் 74,000 முன்னாள் படைவீரர்கள் வீடில்லாம இருந்தாங்க. 2024-ல அது சுமார் 33,000 ஆயிருச்சு. பாதிக்கு மேல குறைஞ்சிருக்கு. எப்படித் தெரியும்னா, வருஷா வருஷம் ஜனவரி கடைசியில ஒரு ராத்திரி ஆளுங்க டார்ச் எடுத்துக்கிட்டுப் போய் பாலத்தடி, பூங்கா, தங்குமிடம்னு எண்ணுறாங்க. எண்ணும்போது "நீங்க ராணுவத்துல இருந்தீங்களா?"ன்னு ஒரு கேள்வியும் கேக்குறாங்க. அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வி இருக்கிறதாலதான் அந்த எண் இருக்கு.

நம்ம நாட்டுலயும் வீடில்லாதவங்களை எண்ணியிருக்காங்க. 2011 சென்சஸ்ல பிப்ரவரி 28-ஆம் தேதி ராத்திரி ஒரே மூச்சுல எண்ணினாங்க. நாடு முழுக்க சுமார் 17.7 லட்சம் பேர். ஆனா அதுல படையில இருந்தவரான்னு ஒரு கட்டம் கிடையாது. அந்தப் பக்கம் முன்னாள் படைவீரர் நலத்துறை கிட்ட பதிவு செஞ்சவங்க பட்டியல் இருக்கு. அதுல தலைக்கு மேல கூரை இருக்கான்னு கட்டம் கிடையாது. ரெண்டு டேபிள், ரெண்டுக்கும் நடுவுல ஜாயின் பண்ண ஒரு காலம் இல்ல. கோடு எழுதுறவங்களுக்குப் புரியும், இந்த மாதிரி டேட்டாபேஸ்ல நீங்க எந்த க்வெரி போட்டாலும் பதில் பூஜ்யம்னுதான் வரும். பூஜ்யம்னா யாரும் இல்லைன்னு அர்த்தம் இல்ல.

நியாயமா ஒண்ணு சொல்லிடுறேன். நம்ம பக்கம் இது அமெரிக்கா அளவுக்குப் பெரிய பிரச்சினையா இருக்க வாய்ப்பு கம்மி. சிப்பாய்க்கு 15 வருஷ சர்வீஸ் முடிஞ்சா ஆயுசுக்கும் பென்ஷன் இருக்கு. குடும்பம்னு ஒண்ணு இருக்கு, அது எவ்வளவு சண்டை போட்டாலும் திண்ணையிலயாவது படுக்க விடும். ராஜபாளையம் பக்கம் கிராமங்கள்ல மிலிட்டரிக்காரர் வீடுன்னா ஊர்ல முதல் மாடி வீடா இருந்த காலம் ஒண்ணு இருந்துச்சு. அதெல்லாம் உண்மை. என் கவலை அந்த 15 வருஷத்தைத் தொடாதவங்களைப் பத்தி. அப்புறம், தொட்டும் பிடி நழுவினவங்களைப் பத்தி.

நம்ம ஊர்ல அவங்க அட்டைப் பலகை பிடிக்க மாட்டாங்க. யூனிஃபார்ம் போட்ட ஆளுக்குக் கை நீட்ட வராது. அவங்க எங்க இருப்பாங்கன்னா, கேட் ரூம்ல இருப்பாங்க.

ராஜபாளையத்தைச் சுத்தி ஸ்பின்னிங் மில், பஞ்சு குடோன், சத்திரப்பட்டி பக்கம் போனா பேண்டேஜ் துணி தறி. எல்லாத்துக்கும் ஒரு கேட் உண்டு, கேட்டுக்கு ஒரு வாட்ச்மேன் உண்டு. விளம்பரத்துலயே போடுவாங்க, "எக்ஸ் சர்வீஸ்மேன் விரும்பத்தக்கது". எட்டடிக்கு ஆறடி ரூம், ஒரு பெஞ்சு, ஒரு ஃபேன், வெளியில குழாய். நைட் டியூட்டி முடிச்சு பகல்லயும் ஒருத்தர் அங்கயே இருந்தார்னா, "பாவம், பொறுப்பானவரு"ன்னு நினைப்போம். போறதுக்கு வீடு இல்லாம இருக்கலாம்னு தோணாது. அந்த ஆளைப் பொறுத்தவரை வேலையும் வீடும் ஒண்ணு. என்னைக்கு முட்டி வலிச்சு, கண்ணு மங்கி, "பெரியவரே, நீங்க ரெஸ்ட் எடுங்க"ன்னு சொல்றாங்களோ, அன்னைக்கு ரெண்டும் ஒண்ணாப் போகும்.

அப்படி ஒருத்தரை எனக்குத் தெரியும். பேர் சொல்லமாட்டேன், எந்த மில்லுன்னு சொல்லமாட்டேன், ஒண்ணு ரெண்டு அடையாளத்தையும் மாத்தியிருக்கேன். நான் வீட்டுல இருந்து வேலை பார்க்கிறவன், ராத்திரி பதினொரு மணிக்கு மீட்டிங் முடிஞ்சா நடக்கப் போவேன். அப்படிப் பழக்கம். எழுபதைத் தொட்டவர். அந்த டீக்கடையில எல்லாரும் அவரை "மிலிட்டரி"ன்னுதான் கூப்பிடுவாங்க. நான் ஐயான்னு கூப்பிடுவேன், அவரு தம்பிம்பாரு.

1975-ல சேர்ந்திருக்கார். 1984-ல வெளிய வந்துட்டார். அப்பா படுத்த படுக்கை, கல்யாணத்துக்கு நின்ன ரெண்டு தங்கச்சி, பாக்க ஆள் இல்ல. தானே எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கார். ஒன்பது வருஷ சர்வீஸ். பென்ஷன் இல்ல. தங்கச்சிகளைக் கட்டிக் குடுத்தாச்சு, நிலம் போயிருச்சு, அவருக்குக் கல்யாணம் தட்டிப் போயிருச்சு. கிராமத்து வீடு தம்பி பேர்ல இருந்தது, தம்பி காலமானதும் பிள்ளைங்க வித்துட்டாங்க. இதை எல்லாம் அவரு புகாராச் சொல்லல. டீ ஆறுற நேரத்துல சொல்லி முடிச்சுட்டார்.

"ஐயா, சைனிக் போர்டு ஆபீஸ்ல கேட்டீங்களா?"ன்னு கேட்டேன்.

"எனக்கு எதுக்கு தம்பி? நான் பாதியில வந்தவன். எக்ஸ் சர்வீஸ்மேன்னா பென்ஷன் வாங்குறவங்க."

ஊர்ல நூத்துக்குத் தொண்ணூறு பேர் இதையேதான் சொல்லுவாங்க. ஆனா ரூல் அப்படி இல்ல. இப்பதான் அந்த ரெண்டு வருஷம் வருது.

"முன்னாள் படைவீரர்" யாருங்கிறதுக்கு நம்ம அரசாங்கத்துல ஒரே வரையறை கிடையாது. நீங்க எந்தத் தேதியில படையை விட்டு வெளிய வந்தீங்களோ அந்தத் தேதிக்கான வரையறைதான் உங்களுக்கு. 1979 ஜூலை 1-க்கும் 1987 ஜூன் 30-க்கும் நடுவுல வந்தவங்களுக்கு என்ன ரூல்னா, சொந்த விருப்பத்துல வந்திருந்தா குறைஞ்சது அஞ்சு வருஷம் சர்வீஸ் இருந்தாப் போதும். அவங்களா அனுப்பியிருந்தா ஆறு மாசமே போதும், ஆனா ஒழுங்கு நடவடிக்கையிலயோ திறமைக் குறைவுன்னோ அனுப்பியிருக்கக் கூடாது. 1987 ஜூலை 1-க்கு அப்புறம் கதவு குறுகிடுச்சு. அதுக்கப்புறம் சொந்த விருப்பத்துல வந்தவர், பென்ஷனுக்குத் தகுதி ஆகியிருந்தாதான் முன்னாள் படைவீரர்.

ஐயா 1984-ல வந்தவர், ஒன்பது வருஷம். அவரு சட்டப்படி முழுசா முன்னாள் படைவீரர்தான். அவரோட அதே ஒன்பது வருஷம் சர்வீஸ் பண்ணி, அதே காரணத்துக்கு 1988-ல எழுதிக் குடுத்து வந்தவர் இல்ல. அப்பாவுக்கு உடம்பு எந்த வருஷம் முடியாமப் போச்சுங்கிறதை வச்சு இவரு உள்ள, அவரு வெளிய. நான் இதை ஐயாகிட்ட விளக்கினப்ப அவருக்கு சந்தோஷம் வரல. "அப்ப நாப்பது வருஷமா நான் சும்மாவா இருந்தேன்?"ன்னார். நாப்பது வருஷமா யாரும் அவர்கிட்ட சொல்லல, அவ்வளவுதான்.

உள்ள வந்தா என்ன கிடைக்கும்? பென்ஷன் இல்லாத, 65 வயசு தாண்டின, ஹவில்தார் ரேங்க் வரைக்கும் உள்ளவங்களுக்கு வறுமை உதவித்தொகை ஒண்ணு இருக்கு. பாதுகாப்பு அமைச்சரோட முன்னாள் படைவீரர் நல நிதியில இருந்து வருது. கணவரை இழந்தவங்களுக்கும் உண்டு. மாசத்துக்கு 4,000 ரூபாயா இருந்தது, 2025 நவம்பர் 1 முதல் 8,000 ஆக்கியிருக்காங்க. உயிரோட இருக்கிற வரைக்கும்.

இந்தக் காசு எங்க இருந்து வருதுன்னு தெரியுமா? டிசம்பர் 7, கொடிநாள். 1949-ல இருந்து நடக்குது. ஸ்கூல்ல நாமளே அஞ்சு ரூபா, பத்து ரூபா குடுத்து அந்தச் சின்னக் கொடியைச் சட்டையில குத்தியிருக்கோமே, அந்த நிதியோட ஒரு கிளைதான் இந்த நல நிதி. எனக்கு இது தெரிஞ்சப்ப ஒரு மாதிரி இருந்துச்சு. ராஜபாளையத்துல ஏழாம் வகுப்புல நான் போட்ட அஞ்சு ரூபா டெல்லி போய், மாசா மாசம் யாருக்கோ வருது. ரெண்டு தெரு தள்ளி கேட் ரூம்ல இருக்கிறவருக்கு மட்டும் வரல.

சரி, அப்ளை பண்ணிட வேண்டியதுதானேன்னு நீங்க கேப்பீங்க. நானும் லேப்டாப்பைத் திறந்து உக்காந்தேன். கேந்திரிய சைனிக் போர்டுக்கு ஆன்லைன் போர்ட்டல் இருக்கு. விண்ணப்பம் அதுல போய், விருதுநகர்ல இருக்கிற முன்னாள் படைவீரர் நல அலுவலகம் சரிபார்த்து மேல அனுப்பணும். முதல்ல அந்த அலுவலகத்துல பதிவு இருக்கணும். பதிவுக்கு டிஸ்சார்ஜ் புக் வேணும். ஐயாவோட டிஸ்சார்ஜ் புக் கிராமத்து வீட்டு மரப்பெட்டியில இருந்தது. பெட்டியைக் கரையான் தின்னுடுச்சா, வீட்டை வாங்கினவங்க தூக்கிப் போட்டாங்களான்னு அவருக்கே தெரியாது.

அப்பதான் நான் கேட்டேன். "ஆர்மி நம்பர் ஞாபகம் இருக்கா, ஐயா?"

மனுஷன் பெஞ்சுல சாஞ்சு உக்காந்திருந்தவர் நிமிர்ந்துட்டார். நம்பர், ரேங்க், பேர், யூனிட். இந்தியில. ஒரு மூச்சுல. எனக்கு என் பாஸ்போர்ட் நம்பர் தெரியாது. அவருக்கு நாப்பது வருஷம் கழிச்சும் கடைசியில வர்ற எழுத்து வரைக்கும் தெரியுது. அந்தக் கடைசி எழுத்து பத்தி ஒரு சின்ன இடைச்செருகல். அது சும்மா அலங்காரம் இல்ல, செக் டிஜிட். நம்ம கிரெடிட் கார்டு கடைசி எண் மாதிரி. முன்னாடி இருக்கிற எண்கள்ல ஒண்ணு மாறிப் போனா அந்த எழுத்து ஒத்துப் போகாது. காகிதக் காலத்து ஆளுங்க நம்மளைவிட ஒழுங்கா யோசிச்சிருக்காங்க.

ஒவ்வொரு ரெஜிமென்ட்டுக்கும் ஒரு ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் இருக்கு. மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு ஊட்டி பக்கத்துல வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸுக்கு பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக், இ.எம்.இ.க்கு செகந்திராபாத், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர். சேர்ந்த தேதி, விட்ட தேதி, என்ன காரணத்துக்கு விட்டார் எல்லாம் அங்க இருக்கும். புக் தொலைஞ்சு போனா போலீஸ்ல புகார் குடுத்து, நல அலுவலகம் வழியா எழுதினா, புக்குக்குப் பதிலா ஒரு சான்றிதழ் வாங்கலாம். ஆக, அந்த ஆள் இழந்தது வெறும் பிரிண்ட் அவுட்தான். ஒரிஜினல் ரெக்கார்டு பத்திரமா இருக்கு, அதைத் திறக்கிற சாவி அவரு மண்டைக்குள்ள இருக்கு.

ஆனா பதில் கடிதம் வர்றதுக்கு விலாசம் வேணும். ஐயாவோட ஆதார்ல இருக்கிறது வித்துப் போன கிராமத்து வீடு. பேங்க் கணக்கும் அதே விலாசம். மில்லுல கேட்டுப் பார்த்தேன், உங்க விலாசத்தைப் போட்டுக்கலாமான்னு. "தம்பி, நாளைக்கு அவரு இங்கதான் குடியிருக்கார்னு ஆயிடும், அது எங்களுக்கு வம்பு"ன்னாங்க. அவங்க சொன்னதுல ஒரு நேர்மை இருந்துச்சுன்னுதான் சொல்லணும். குடியிருக்கிறார்ங்கிறது எல்லாருக்கும் தெரியும், காகிதத்துல வரக் கூடாது. கடைசியில டீக்கடைக்காரர் அண்ணாச்சிதான், "நம்ம கடை அட்ரஸைப் போடுங்க, போஸ்ட்மேன் தினமும் இங்கதான டீ குடிக்கிறாரு"ன்னார்.

வீட்டை இழந்தவருக்கு முதல்ல போறது கூரைதான்னு நினைக்கிறோம். இவரு விஷயத்துல விலாசம் போயிருக்கு. விலாசம் போனதும் கடிதம் போச்சு, கடிதம் போனதும் பதிவு போச்சு. நம்ம நலத்திட்டம் எல்லாமே விலாசத்தைத்தான் பிரைமரி கீயா வச்சுக் கட்டியிருக்காங்க. யாருக்கு ரொம்பத் தேவையோ அவர்கிட்ட இல்லாத ஒரே பொருள் அது. ராணுவ எண்ணைக் கீயா வச்சிருந்தா இந்த ஆள் ஒரு நாளும் தொலைஞ்சிருக்க மாட்டார்.

இதுல வீடுன்னு எங்கயாவது வருதான்னு பாருங்க. படை வீட்டு வசதின்னு நாம கேள்விப்படுறது ராணுவ நல வீட்டு வசதி அமைப்பு, 1978-ல ஆரம்பிச்சது. லாபமும் இல்லாம நட்டமும் இல்லாம அடுக்குமாடி கட்டிக் குடுக்குறாங்க. நல்ல அமைப்புதான். ஆனா தவணை கட்ட முடிஞ்சவங்களுக்கு. போர்ல உயிர் இழந்தவங்க குடும்பத்துக்கும் ஊனமானவங்களுக்கும் வீட்டுக் கடன் வட்டியில பாதி திருப்பித் தர்ற திட்டம் இருக்கு. அதுக்கு முதல்ல கடன் கிடைக்கணும், கடனுக்கு மனை வேணும். இந்தப் பக்கம் ராஜபாளையம்காரங்க நாம பெருமையாச் சொல்லிக்குவோம், முதலமைச்சரா இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா தன் சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் குடுத்தவர்னு. அந்த ஊர்ல ஒரு எழுபது வயசு ஒத்தை ஆளுக்கு வாடகைக்கு ரூம் தேடிப் பாருங்களேன்.

நான் தேடினேன். அந்த 8,000 வந்துட்டதா வச்சுக்குவோம், நெருக்கிப் பிடிச்சா ஒரு அறை வாடகையும் சாப்பாடும் நடந்துடும். பணம் ரெண்டாவது பிரச்சினைதான். "தனி ஆளா? வயசானவரா? ஒண்ணுன்னா யாரு வருவாங்க?" இதைத்தான் எல்லா வீட்டுக்காரங்களும் கேட்டாங்க. ஒருத்தர் இன்னும் பச்சையாவே கேட்டார், "செத்துக் கிடந்தா நான்ல தம்பி ஸ்டேஷனுக்கு அலையணும்". அவருக்குக் கோபத்துல பதில் சொல்லலாம். ஆனா அவரு கேட்டது உண்மையான கேள்வி, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

அமெரிக்காவுல எண்ணிக்கை பாதிக்கு மேல குறைஞ்சதுக்குக் காரணம் இந்தக் கேள்விக்கு அவங்க பதில் வச்சிருந்ததுதான்னு எனக்குத் தோணுது. 1992-ல சின்னதா ஆரம்பிச்சு 2008-ல இருந்து பெரிசாக்கின ஒரு திட்டம். வீட்டு வசதித் துறை வாடகைச் சீட்டு குடுக்கும், படைவீரர் தன் வருமானத்துல சுமார் 30 சதவீதம் கட்டினாப் போதும். அதோட முன்னாள் படைவீரர் துறை ஒரு ஆளைக் குடுக்கும். வீடு தேடுறது, வீட்டுக்காரர்கிட்ட பேசுறது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது, குடிப்பழக்கம் இருந்தா அதுக்குச் சிகிச்சை, எல்லாம் அந்த ஆள் பொறுப்பு. முதல்ல குடியை விடு, அப்புறம் வீடு தர்றேன்னு இல்ல. முதல்ல வீடு. "ஒண்ணுன்னா யாரு வருவாங்க?"ன்னா, இவரு வருவாரு, இந்தாங்க நம்பர்.

நம்ம கிட்டயும் அந்த ஆளோட நிழல் ஒண்ணு இருக்கு. மாவட்ட அலுவலகங்கள்ல நல அமைப்பாளர்னு ஒரு பதவி. அவங்களும் பெரும்பாலும் படையில இருந்து வந்தவங்க, மொழி புரிஞ்சவங்க. ஆனா ஒரு மாவட்டத்துப் பென்ஷன் சிக்கல், கல்வி உதவி, அடையாள அட்டை எல்லாத்தையும் மேசையில வச்சுக்கிட்டு அவங்க எப்படி ராஜபாளையத்து கேட் ரூமைத் தேடி வருவாங்க? ராஜபாளையத்துல இருந்து விருதுநகர் அம்பது கிலோமீட்டருக்கு மேல. நைட் டியூட்டி பார்த்துட்டு பஸ் ஏறிப் போய், "நாளைக்கு வாங்க"ன்னு சொன்னா மனுஷன் மறுபடி போவாரா? மாசம் ஒரு நாள் ராஜபாளையத்துலயும் ஸ்ரீவில்லிபுத்தூர்லயும் தாலுகா ஆபீஸ்ல ஒரு மேசை போட்டா என்ன? பெரிய பட்ஜெட் எதுவும் வேண்டாம். ஒரு மேசை, ஒரு லேப்டாப், ராணுவ எண் கேக்கத் தெரிஞ்ச ஒருத்தர்.

பென்ஷன் இருந்தும் தெருவுக்கு வந்தவங்க கதை வேற. அங்க குடி இருக்கும், மனநிலை பாதிப்பு இருக்கும், இல்லைன்னா எழுதிக் குடுத்துட்டு வீட்டை விட்டு வெளிய வந்திருப்பாங்க. படை பென்ஷன் எல்லாம் இப்ப ஸ்பர்ஷ்ங்கிற ஆன்லைன் முறைக்கு மாறியிருக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை உயிரோட இருக்கேன்னு அடையாளம் காட்டணும். முகத்தை போன்ல காட்டியே பண்ணலாம், இ-சேவை மாதிரி பொதுச் சேவை மையத்துல போயும் பண்ணலாம். நமக்கு அஞ்சு நிமிஷ வேலை. போன் தொலைஞ்சு, ஆதார் தொலைஞ்சு, கோயில் மதில் ஓரம் படுத்திருக்கிறவருக்கு? அவரு காட்டலைன்னா பென்ஷன் நின்னுடும். நின்னுடும்தானே தவிர ரத்து ஆகாது. ஆளை அடையாளம் காட்டினா நிலுவையோட திரும்ப வரும். யோசிச்சுப் பாருங்க. அன்னதான வரிசையில நிக்கிற ஒருத்தர் பேர்ல எங்கயோ ஒரு கணக்குல லட்சக்கணக்குல பணம் தேங்கி நிக்கலாம்.

எழுதிக் குடுத்தவங்களுக்கு ஒரு தகவல். 2007-ல வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கு. பார்த்துக்குவாங்கங்கிற நிபந்தனையோட சொத்தை எழுதிக் குடுத்து, அப்புறம் அவங்க பார்க்கலைன்னா அந்தப் பத்திரத்தையே செல்லாதுன்னு அறிவிக்க 23-வது பிரிவு இடம் குடுக்குது. கோட்டாட்சியர் தலைமையில தீர்ப்பாயம், வக்கீல் வேண்டாம். படையில இருந்தவங்களுக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும்.

இதுல எதுலயும் வராதவங்க யாருன்னா, ஒழுங்கு நடவடிக்கையில வெளிய அனுப்பப்பட்டவங்க. குடிச்சுட்டு மேலதிகாரியை அடிச்சவர், லீவுல போய் திரும்பாதவர். அவங்க எந்தத் தேதி வரையறையிலயும் முன்னாள் படைவீரர் இல்ல. ரூலோட நியாயம் எனக்குப் புரியுது. ஆனா தெருவுல முடியறதுக்கு வாய்ப்பு அதிகமா இருக்கிறதும் அவங்கதான். அமெரிக்காவுல 2021-ல சட்டத்தைத் திருத்தி, நல்ல பேரோட வெளிய வராதவங்கள்ல ஒரு பகுதியினருக்கும் அந்த வாடகைச் சீட்டுத் திட்டத்தைத் திறந்து விட்டாங்க. மெடல் குடுக்க வேண்டாம், கூரை குடுக்கலாம்ங்கிற கணக்கு. எனக்கு அந்தக் கணக்கு பிடிச்சிருக்கு.

அப்புறம் அக்னிவீர். 2022 ஜூன்ல அறிவிச்சது. நாலு வருஷம், நாலுல ஒரு பங்கு பேரை மட்டும் வச்சுக்குவாங்க, மத்தவங்க சுமார் 11.71 லட்சம் ரூபாயோட வெளிய வருவாங்க. முதல் பேட்ச் வெளிய வர்ற காலம் 2026 கடைசி, 2027 ஆரம்பம். அவங்களுக்குப் பென்ஷன் இல்ல, முன்னாள் படைவீரர் அந்தஸ்தும் இல்ல. திட்டம் நல்லதா கெட்டதான்னு இங்க பேசல, அதுக்குத் தனி எபிசோடே வேணும். இருபத்தஞ்சு வயசுல கையில பத்து லட்சத்தோட வர்ற பையன் நாளைக்கே தெருவுக்கு வந்துடப் போறதில்ல. என் கேள்வி அவனுக்கு அறுபத்தஞ்சு வயசு ஆகும்போது. ஐயாவுக்காவது 1984-ங்கிற தேதி காப்பாத்துது. இந்தப் பையனுக்குத் திரும்பித் தட்ட ஒரு கதவே இல்ல. விருதுநகர் ஆபீஸ் ரிஜிஸ்டர்ல அவன் பேரே இருக்காது.

வீடில்லாதவங்களுக்குப் பொதுவான தங்குமிடம் இல்லையான்னு கேட்டா, உச்ச நீதிமன்றம் 2010-ல சொன்னதை ஒட்டி, லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடம்னு நகரங்களுக்கு ஒரு கணக்கு இருக்கு. 2011 சென்சஸ்படி ராஜபாளையம் நகராட்சியில சுமார் 1.30 லட்சம் பேர், ஸ்ரீவில்லிபுத்தூர்ல சுமார் 75,000. அப்ப ராஜபாளையத்துக்கு ஒண்ணு, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு முக்கால். முக்கால் தங்குமிடத்துல கூரை இருக்குமா, கதவு இருக்குமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க.

அடுத்த சென்சஸ் மக்கள் தொகைக் கணக்கு 2027 பிப்ரவரியில. இந்தத் தடவை மொபைல் ஆப்லதான் எடுக்கப் போறாங்க. வீடில்லாதவங்களை ராத்திரியில போய் எண்ணுற வழக்கம் அப்பவும் இருக்கும். ஒரு ஆப்ல ஒரு கட்டம் சேர்க்க எவ்வளவு நேரம் ஆகும்னு இதைக் கேக்கிற டெவலப்பர்ஸ் எல்லாருக்கும் தெரியும். "படையில இருந்தீங்களா?" ஆம், இல்லை. நகராட்சியே தனியா ஒரு ராத்திரி இதைப் பண்ணலாம். ரெண்டு ஊரும் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், இருபது பேர் இருந்தா பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன், கோயில் சுத்து எல்லாம் ஒரே ராத்திரியில முடிஞ்சிடும். கேட் ரூமுக்கு மட்டும் தனியாப் போகணும், அங்க தூங்குறவங்க யாரும் தன்னை வீடில்லாதவர்னு சொல்லமாட்டாங்க.

ஐயா விஷயம் எங்க நிக்குதுன்னு கேப்பீங்க. ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு எழுதியாச்சு. பதில் இன்னும் வரல. அண்ணாச்சி தினமும் போஸ்ட்மேனைக் கேக்குறார். மில்லுல இந்த வருஷம் தீபாவளி வரைக்கும் இருக்கட்டும்னு சொல்லியிருக்காங்களாம்.

உங்க தெருவுல, உங்க அபார்ட்மென்ட் கேட்ல, ஏடிஎம் வாசல்ல அப்படி ஒருத்தர் இருந்தா, பென்ஷன் வருதான்னு ஆரம்பிக்காதீங்க. வரலைன்னா அதைச் சொல்ல அவருக்குக் கூச்சமா இருக்கும். எந்த யூனிட்னு கேளுங்க, எந்த வருஷம் வெளிய வந்தீங்கன்னு கேளுங்க, நம்பர் ஞாபகம் இருக்கான்னு கேளுங்க. எழுதி வச்சுக்கங்க. தேதி 1979 ஜூலைக்கும் 1987 ஜூனுக்கும் நடுவுல இருந்தா, சொந்த விருப்பத்துல வந்தாரா, எத்தனை வருஷ சர்வீஸ்னு பாருங்க. 65 தாண்டியிருந்தா அவரைக் கூட்டிக்கிட்டு நல அலுவலகத்துக்கு நீங்களே ஒரு நாள் போயிட்டு வாங்க. லீவு நாள்ல போயிடாதீங்க, அரசு அலுவலகம், சனி ஞாயிறு இருக்காது.

எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புறவங்க அவங்க பேரையோ நம்பரையோ அதுல சொல்லாதீங்க. ஊரும் வருஷமும் மட்டும் போதும். அடுத்த வாரம் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்காரங்களோட பேசின எபிசோட் வருது. தறிச் சத்தம் கொஞ்சம் இருக்கும், ஹெட்போன் போட்டுக்கங்க.